புது ஸ்பீக்கர் போட்டும் பேஸ் வராத வேன்

கடலோர ஊரான மண்டபத்தின் உப்புக்காற்றில் எங்கள் வேனின் கதவு ஸ்பீக்கர்கள் ஓரமெல்லாம் கிழிந்துபோனதால், அதே 6.5 இன்ச் அளவில் புதிதாக இரண்டு வாங்கி மாட்டினேன். சத்தம் தெளிவு, ஆனால் பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வொலி, துளிகூட இல்லை. ஈக்வலைசரை ஏற்றிப் பார்த்தேன், கதவுத் தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஃபோம் வளையமும் ஒட்டினேன், ம்ஹூம். ஆம்ப்ளிஃபயர் போட்டால்தான் சரியாகும் என்றார் ஒரு கடைக்காரர், நல்லவேளை போடவில்லை.

துப்பு கிடைத்தது பேலன்ஸில். முழுக்க இடது பக்கம் தள்ளினால் பேஸ் வருகிறது, வலது பக்கம் தள்ளினாலும் வருகிறது, நடுவில் வைத்தால் காணோம். அப்படியென்றால் ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஸ்டீரியோவின் பின்பக்க சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் வயர்களில், பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டேன். வலது ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) வெளியே வந்தது, இடது உள்ளே போனது.

இடது கதவின் ரப்பர் குழாய்க்குள் பார்த்தால், பச்சை பூத்த பழைய வயரை யாரோ எப்போதோ வெட்டி, பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் ஒரே கறுப்பு நிற வயரை முறுக்கி விட்டிருக்கிறார்கள். நிறத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டையும் இடம் மாற்றி சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டதும் பாட்டில் தவில் அதிர்ந்தது. புதிதாக மாட்டுகிறவர்கள் வயர் நிறத்தை நம்பாமல் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரில் பெரும்பாலும் அகலமான முனைதான் பிளஸ்.