தலைமை அலுவலகத்தைத் தேடாதீர்கள்: எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியனில் சேரும்போது செய்யும் தவறுகள்

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் வந்து, காலநிலைக்காக ஏதாவது செய்தாக வேண்டும் என்று மனது அடித்துக்கொள்ளும் தமிழர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எக்ஸ்ஆரில் சேர யாரைப் பார்க்கணும்?" எக்ஸ்ஆர் என்றால் எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன், 2018 அக்டோபர் 31 அன்று லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தொடங்கிய இயக்கம். அடுத்த மாதமே தேம்ஸ் ஆற்றின் ஐந்து பாலங்களை மறித்தவர்கள், 2019 ஏப்ரலில் லண்டனின் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் சாலைச் சந்திப்பின் நடுவில் இளஞ்சிவப்புப் படகை நிறுத்தியவர்கள் இவர்கள்தான்.

முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கிளைச் செயலாளர், ஒன்றியம், மாவட்டம், தலைமை நிலையம் என்று அடுக்கடுக்காகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். எங்கே போனாலும் முதலில் பொறுப்பாளர் யார் என்றுதான் கேட்போம். எக்ஸ்ஆரில் உறுப்பினர் அட்டை கிடையாது, சந்தா கிடையாது, உங்களைச் சேர்த்துக்கொள்ள அதிகாரம் பெற்ற ஆளும் கிடையாது. இயக்கத்துக்குப் பத்துக் கொள்கைகள் இருக்கின்றன, அவற்றை ஏற்று நடக்கும் யாரும் எக்ஸ்ஆர் பெயரில் செயல்படலாம், அவ்வளவுதான். நீங்கள் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு யாராவது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தால், மாதக்கணக்கில் பொதுச் செய்தி மடல்தான் வந்துகொண்டிருக்கும். நானும் அப்படிக் காத்திருந்தவன்தான். அடுத்த தெருவிலேயே ஒரு குழு கூடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

அதனால் நேரில் போங்கள். உங்கள் பகுதிக் குழுவின் அடுத்த கூட்டம் எங்கே, எப்போது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு தேவாலயக் கூடத்திலோ சமூகக் கூடத்திலோ காபிக் கடையின் பின்னறையிலோதான் இருக்கும். கூடவே, அந்தக் குழு கடைசியாக எப்போது ஒரு கூட்டமோ போராட்டமோ அறிவித்தது என்றும் பாருங்கள். எக்ஸ்ஆர் இணையதள வரைபடத்தில் புள்ளி இருப்பதாலேயே குழு உயிரோடு இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கடைசிப் பதிவு 2021-ல் என்றால் பக்கத்து ஊர்க் குழுவைத் தேடுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை என்பதற்காக மனம் நொந்துபோக வேண்டாம். அந்தப் பெட்டியைப் பார்ப்பவர் வேலை முடிந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு உட்காரும் ஒரு தொண்டர். இரண்டாவது முறையும் எழுதுங்கள், அல்லது நேராகப் போய் நில்லுங்கள்.

அடுத்தது, எல்லாக் குழுவும் ஒன்றுதான் என்று நினைப்பது. பலர் வந்த வேகத்தில் திரும்பிப் போவது இதனால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பகுதிக் குழு என்பது ஊர் சார்ந்தது: அந்த வட்டாரத்து ஆட்கள், மாதாந்திரக் கூட்டம், துண்டறிக்கை, சந்தையில் மேசை போட்டுப் பேசுவது, உள்ளூர் கவுன்சிலை நெருக்குவது. இன்னொரு வகை, தொழிலோ நம்பிக்கையோ வயதோ சார்ந்தது: மருத்துவர்கள், விஞ்ஞானிகள், பௌத்தர்கள், குடும்பங்கள், இளைஞர்கள் என்று தனித்தனியாக இருக்கும். மூன்றாவது, நாடு முழுவதற்குமான வேலைக் குழுக்கள்: ஊடகம், கலை, சட்ட உதவி, பயிற்சி போன்றவை. நான்காவதுதான் அஃபினிட்டி குழு, எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள், போராட்டக் களத்தில் கடைசிவரை பக்கத்தில் நிற்பவர்கள். இது எக்ஸ்ஆர் கண்டுபிடித்ததில்லை. ஸ்பெயின் அனார்க்கிஸ்டுகளிடமிருந்து வந்த முறை. அமெரிக்காவில் 1977-ல் சீப்ரூக் அணுமின் நிலையத்துக்கு எதிராக நடந்த ஆக்கிரமிப்பில் 1,400-க்கும் மேற்பட்டோர் கைதானபோது, அவர்களைக் குலையாமல் வைத்திருந்தது இந்தச் சின்னச் சின்னக் குழுக்கள்தான்.

நடப்பது என்னவென்றால், களத்தில் இறங்கத் துடிக்கும் ஒருவர் பகுதிக் குழுக் கூட்டத்துக்குப் போவார். அங்கே ஒன்றரை மணி நேரம் துண்டறிக்கை அச்சடிக்கும் செலவைப் பற்றிப் பேசுவார்கள். இவர்கள் சும்மா பேசுகிறவர்கள் என்று முடிவு கட்டி அவர் போய்விடுவார். இன்னொருவர் யாரையும் தெரியாமலேயே நேராக அஃபினிட்டி குழுவில் நுழையப் பார்ப்பார், அவர்கள் தயங்குவார்கள், இவருக்கு அவமானமாக இருக்கும். அந்தத் தயக்கத்தில் குற்றமில்லை, கைதாகும் அபாயத்தைச் சேர்ந்து சுமக்கப் போகிறவர்கள் முன்பின் தெரியாதவரை உடனே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பகுதிக் குழுவில் நாலைந்து கூட்டம், ஒரு வன்முறையற்ற நேரடி நடவடிக்கைப் பயிற்சி, ஒரு ஊர்வலத்தில் பதாகை பிடிப்பது, இதற்குள் யாரோடு மனம் ஒத்துப்போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அஃபினிட்டி குழு பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கிறது. ஆக, முதல் கூட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், குறைந்தது மூன்று முறையாவது போங்கள்.

அந்த முதல் கூட்டம் நமக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். வட்டமாக உட்கார்ந்து, இன்று மனநிலை எப்படி என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினால் ஆமோதிக்கிறார்கள் என்று பொருள். பேச வேண்டும் என்றால் ஒரு விரலை உயர்த்த வேண்டும். இரண்டு கைகளால் ஆங்கில டி எழுத்தைக் காட்டினால் நடைமுறைத் தகவல் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று பொருள். நாடகம்போல இருக்கிறதே என்று ஒதுங்கிவிடாதீர்கள். குரல் பெரிதாக இருப்பவரே கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இதெல்லாம், ஆங்கிலம் சரளமாக வராத நமக்கு இது உண்மையிலேயே உதவும். விரலை உயர்த்தினால் உங்கள் முறை வந்தே தீரும்.

வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் என்று எந்த இணைப்பு வந்தாலும் உள்ளே போய்ப் பன்னிரண்டு குழுக்களில் சேர்ந்துகொள்வதும் தவறு. ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான செய்திகள் குவியும், எதையும் படிக்க முடியாது, பிறகு எல்லாவற்றையும் ஒலியடக்கி வைத்துவிட்டு இயக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். பகுதிக் குழுவின் அறிவிப்புச் சானல் ஒன்று, நீங்கள் வேலை செய்யும் குழு ஒன்று, இரண்டு போதும்.

கைதாவதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் செய்யும் தவறுதான் மிகவும் விலை கொடுக்க வைப்பது. எக்ஸ்ஆர் என்றாலே கைதாக வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2019 ஏப்ரலில் 1,100-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள் என்பது உண்மை. ஆனால் 2023 புத்தாண்டு அன்றே எக்ஸ்ஆர் யுகே, பொதுமக்களுக்கு இடைஞ்சல் தருவதை இனி முதன்மை உத்தியாக வைத்துக்கொள்ளப் போவதில்லை, கைதாவதைவிட ஆட்கள் திரள்வதும் சாலை மறியலைவிட உறவுகளும்தான் இனி முக்கியம் என்று அறிவித்தது. அந்த ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டரில் நான்கு நாட்கள் நடந்த 'தி பிக் ஒன்' திரளுக்குக் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இதற்குள் சட்டமும் இறுகிவிட்டது. 2023-ன் பொது ஒழுங்குச் சட்டப்படி, கடும் இடையூறு உண்டாகும்படி உடலை ஒரு பொருளோடு பிணைத்துக்கொண்டாலே ஆறு மாதம் வரை சிறை போகலாம்.

நீங்கள் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தால், தயவுசெய்து உணர்ச்சி வேகத்தில் முடிவெடுக்காதீர்கள். குற்றத் தண்டனைகளை விசா விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும், பின்னால் குடியுரிமை கேட்கும்போது நன்னடத்தை நிபந்தனையும் வந்து நிற்கும். குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேளுங்கள், குழுவில் இருக்கும் நல்ல மனிதர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதை நம்பி இறங்காதீர்கள். அவர் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கலாம், அவருக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். "கைதாகும் வேலைக்கு நான் வர முடியாது" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காவல் நிலைய வாசலில் இரவு மூன்று மணிக்கு வெளியே வருபவருக்காகச் சூடான தேநீரோடு காத்திருப்பது, சமைப்பது, துண்டறிக்கை எழுதுவது, கூட்டத்தை நெறிப்படுத்துவது, போராட்டத்தில் போலீஸ் நடந்துகொள்வதைக் குறித்துவைக்கும் சட்டப் பார்வையாளராகப் பயிற்சி எடுப்பது என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. எந்த வேலையாக இருந்தாலும் போராட்டத்துக்குப் போகும்போது, வழக்கறிஞர் எண்ணும் உங்கள் உரிமைகளும் அச்சிட்ட பஸ்ட் கார்டு எனும் சின்ன அட்டையைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றியும் பேச வேண்டும். கைதாவதைப் பெருமையாகப் பேசுவது, காவல்துறையை நண்பர்போல நடத்துவது, இவை வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் சலுகை என்று 2019 மே மாதமே 'ரெட்செட் ஆஃப் தி எர்த்' என்ற கூட்டமைப்பு எக்ஸ்ஆருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதியது. அந்த விமர்சனம் சரி என்றே நினைக்கிறேன். அறையில் நீங்கள் ஒருவர்தான் பழுப்பு நிறம் என்றால் அசௌகரியம் வரும். அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்து ஒருநாள் சத்தமில்லாமல் விலகிவிடாமல், ஒருங்கிணைப்பாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லியும் மாறவில்லையா, வேறு குழுவுக்குப் போங்கள். ஒரு குழுவை விட்டால் இயக்கத்தையே விட்டதாக ஆகாது.

தலைமை இல்லை என்றால் யாரும் எதையும் செய்யலாம் என்று புரிந்துகொள்வதும் ஆபத்து. 2019 அக்டோபர் 17 காலையில் கேனிங் டவுன் நிலையத்தில் ரயில் கூரைமேல் எக்ஸ்ஆர்க்காரர்கள் ஏறினார்கள், வேலைக்குப் போக வந்த பயணிகள் கோபத்தில் கீழே இழுத்துப் போட்டார்கள். அது கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதி, நம்மவர்கள் நிறைய இருக்கும் ஈஸ்ட் ஹாமும் அதே பரோதான், அதாவது அதே நகராட்சி வட்டாரம்தான். இயக்கத்துக்குள் பெரும்பாலானவர்கள் ரயிலைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தும் ஒரு சிறு குழு அதைச் செய்தது, அதைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இருக்கவில்லை. கெட்ட பெயர் எல்லோருக்கும் வந்தது. ஆகவே ஒரு குழுவில் சேருமுன் கேளுங்கள்: இங்கே முடிவை யார் எடுக்கிறார்கள், எந்தப் பொறுப்பு யாரிடம், ஒருவர் "வேண்டாம்" என்றால் என்ன நடக்கும்? மழுப்பலான பதில் வந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத தலைவர் ஒருவர் இருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வீடுகளுக்கு வெப்பக்காப்பு கேட்டுச் சாலை மறித்த இன்சுலேட் பிரிட்டன், புதிய எண்ணெய், எரிவாயு அனுமதிகளை எதிர்த்த ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் எல்லாம் எக்ஸ்ஆர்தானே என்று குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஆட்களில் சிலர் ஒன்றாக இருந்திருக்கலாம், ஆனால் அவை வேறு வேறு அமைப்புகளாக இருந்தன, அபாயமும் வேறாக இருந்தது. லண்டனைச் சுற்றிச் செல்லும் எம்25 நெடுஞ்சாலையில் ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் நடத்திய மறியலுக்கு ஆள் சேர்த்த ஒரு ஜூம் அழைப்பை அடிப்படையாக வைத்தே, எக்ஸ்ஆரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோஜர் ஹாலமுக்கு 2024 ஜூலையில் ஐந்து ஆண்டும், மற்ற நால்வருக்குத் தலா நான்கு ஆண்டும் சிறை விதித்தார்கள். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அவை குறைந்தன. ஒரு பத்திரிகையாளர் அந்த அழைப்பில் இருந்து பதிவு செய்திருந்தார். எந்த அழைப்பு, யார் நடத்துவது, எதற்காக என்று தெரியாமல் இணைப்பை அழுத்தாதீர்கள்.

இதைப் படித்ததும் எல்லோரையும் சந்தேகிக்கத் தோன்றும். அதுவும் குழுவைக் கொன்றுவிடும். மார்க் கென்னடி என்ற போலீஸ்காரர் பெயர் மாற்றி ஏழு ஆண்டுகள் சுற்றுச்சூழல் குழுக்களுக்குள் வாழ்ந்தது நிஜம். ராட்கிளிஃப் நிலக்கரி மின்நிலையத்தை நிறுத்தத் திட்டமிட்டதாக 2009 ஏப்ரலில் 114 பேர் கைதானதும், அவர் யார் என்று தெரிந்த பிறகு அந்த வழக்கு சரிந்ததும் நிஜம். அதற்காகப் புதிதாக வருபவரை விசாரணை செய்ய வேண்டியதில்லை. அறையில் போலீஸ் ஒருவர் இருந்தாலும் கேட்கக்கூடியதை மட்டும் பொதுக் கூட்டத்தில் பேசுங்கள், மற்றதை அஃபினிட்டி குழுவோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ராட்கிளிஃப் நிலையம்தான் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம், 2024 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். அன்று எங்கள் கூட்டத்தில், 2009-லிருந்தே காலநிலைப் போராட்டங்களில் இருக்கும் ஒரு அம்மா எதுவும் பேசாமல் அழுதார்.

அப்புறம், முதல் மாதமே மூன்று பொறுப்புகளை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆள் பற்றாக்குறை எல்லாக் குழுவிலும் உண்டு, ஆர்வமாக ஒருவர் வந்தால் எல்லாவற்றையும் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள், தேர்வு நேரத்திலோ வேலை நெருக்கடியிலோ நீங்கள் காணாமல் போவீர்கள், குற்ற உணர்ச்சியில் திரும்பியும் வர மாட்டீர்கள். ஒரு வேலை, மூன்று மாதம் என்று சொல்லி வாங்குங்கள், முடிக்கும்போது அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு விடுங்கள். என்ன வேலை கேட்பது என்று தெரியாவிட்டால், கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பாமல் நாற்காலிகளை அடுக்கவும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவவும் நில்லுங்கள். சனிக்கிழமை எங்கே நிற்கப் போகிறோம், யாருக்கு உதவி வேண்டும் என்ற பேச்செல்லாம் அந்தச் சமையலறையில்தான் நடக்கும்.