வீட்டு வரியோடு நீங்கள் கட்டிய நூலகம்: முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

நூலகம் என்றால் ஓசியில் பேப்பர் படிக்கிற இடம் என்று பலருக்கு ஒரு நினைப்பு. ஓசியெல்லாம் இல்லை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரியும் அதில் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1,500 ரூபாய் வரி கட்டும் வீடு 150 ரூபாயை நூலகத்துக்குத் தருகிறது. வாடகை வீட்டுக்காரர்கள் வாடகையோடு சேர்த்து அதையும்தான் கட்டுகிறார்கள். இந்த ஏற்பாடு 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தில் இருந்து வருகிறது. அதற்காக விடாமல் உழைத்தவர் நம் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அதனால் கூச்சப்படாமல் உள்ளே போகலாம்.

படி 1: எந்த நூலகம், எந்த நேரம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் போன்ற மாவட்டத் தலைநகரங்களில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சிறிய ஊர்களில் கிளை நூலகம், கிராமங்களில் ஊர்ப்புற நூலகம் அல்லது பகுதி நேர நூலகம். முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கே போங்கள். பெரிய நூலகத்தில் புத்தகம் அதிகம்தான், ஆனால் பஸ் ஏறிப் போக வேண்டிய நூலகத்துக்கு நாலாவது வாரம் யாரும் போவதில்லை.

கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அதிகம். பல கிளைகள் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று இரண்டு வேளையாகத் திறக்கும். வாசல் பலகையில் நேரம் எழுதியிருக்கும். அதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். அரண்மனை வளாகத்தில் இருக்கிற சரசுவதி மகால் நூலகம் வேறு வகை. அது ஓலைச்சுவடிகளுக்கும் ஆய்வுக்குமான இடம், வீட்டுக்குப் புத்தகம் எடுத்துவர அங்கே போக வேண்டாம்.

படி 2: உறுப்பினர் ஆவது

உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் அது தேவை. ஆதார் நகல், புகைப்படம் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தாலும் சின்னத் தொகைதான். எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்பதைப் பொறுத்துக் காப்புத்தொகை மாறும். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது காப்புத்தொகையைக் கேட்டு வாங்க அது வேண்டும்.

படி 3: புத்தகம் எடுப்பது

முதல் தடவை அலமாரியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு சின்ன வழி சொல்கிறேன். புத்தகத்தைத் திறந்து, தேதி முத்திரை குத்துவதற்காக உள்ளே ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கியடித்து, இடம் போதாமல் மேலே இன்னொரு தாளும் ஒட்டியிருந்தால், ஊரில் பல பேர் அதைப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு முத்திரைகூட இல்லாத புத்தகத்திலும் நல்லது கிடைக்கும், ஆனால் அதைத் தேடுவது அப்புறம்.

தேடும் புத்தகம் இல்லையென்றால் பேசாமல் திரும்பாதீர்கள். நூலகரிடம் சொல்லுங்கள், வாசகர் பரிந்துரைப் பதிவேடு இருந்தால் அதில் எழுதுங்கள்.

படி 4: புத்தகம் தவிர என்ன இருக்கிறது

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்: பழைய பாடப்புத்தகங்கள், பொது அறிவு இதழ்கள், எல்லாவற்றையும்விட மின்விசிறியோடு ஓர் அமைதியான மேஜை. இளைஞர்கள் அதிகம் வருவது இதற்காகத்தான்.

நூலகத்துக்கு வர முடியாதவர்களுக்கு ‘நூலக நண்பர்கள்’ என்று ஒரு திட்டம் உண்டு. தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து கொடுத்து, படித்ததும் திரும்ப வாங்கிப் போவார்கள். உங்கள் வீட்டில் வயதானவர்களோ மாற்றுத்திறனாளிகளோ இருந்தால் கிளையில் விசாரியுங்கள். நீங்களே தன்னார்வலராகவும் சேரலாம். நம் காவிரி டெல்டாவுக்கு இது புதிதில்லை: 1931 அக்டோபரிலேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பத் தொடங்கிவிட்டார்.

படி 5: நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொள்வது

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். மே மாதம் பல நூலகங்களில் குழந்தைகளுக்குக் கதை சொல்லல், ஓவியம், சதுரங்கம் நடக்கும். ஆகஸ்ட் 12, ரங்கநாதன் பெயரால் நூலகர் தினம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா, அது நமக்கு அடைமழைக் காலம், நிகழ்ச்சி தள்ளிப்போகலாம். மாவட்டப் புத்தகத் திருவிழாவின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பினால் போதாது. போன மாத நோட்டீஸே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். நூலகரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: “இங்கே வாசகர் வட்டம் இருக்கா சார்? வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்க்க முடியுமா?” அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டால் செய்தி தானாக வரும்.

படி 6: நீங்களே ஒரு நிகழ்ச்சி நடத்துவது

பலரும் தொடாமல் விடுவது இதைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். வாசகர் வட்டம் என்பது நூலகத்தோடு சேர்ந்து இயங்கும் ஊர்க்காரர்களின் குழு. அது சுறுசுறுப்பாக இருக்கும் கிளையில் கூட்டம் நடக்கும், தூங்கும் கிளையில் பேப்பர் மட்டும் வரும்.

முதலில் நாளைப் பாருங்கள். நடவும் அறுவடையும் மும்முரமாக இருக்கும்போது வைத்தால் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும். முகூர்த்த நாளும் வேண்டாம். ஞாயிறு மாலை நல்லது. தலைப்பு ஊருக்குப் பழக்கமானதாக இருக்கட்டும். ‘வாசிப்பின் அவசியம்’ என்று போட்டால் யார் வருவார்கள்? மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்ற பாரம்பரிய நெல்லைப் பயிரிடும் உள்ளூர் விவசாயி ஒருவரைப் பேச அழைத்து, பக்கத்தில் வேளாண்மைப் புத்தகங்களைப் பரப்பி வையுங்கள். பேச்சு முடிந்ததும் கை தானாக அந்த மேஜைக்குப் போகும்.

பிறகு நூலகருக்கு அரைப் பக்கக் கடிதம்: தேதி, நேரம், தலைப்பு, பேசுபவர், எதிர்பார்க்கும் ஆட்கள். வாய்ச்சொல்லாக விடாதீர்கள், மேலிடத்தில் கேட்டால் காட்ட அவருக்கும் ஒரு தாள் வேண்டுமே. மைக் தேவையில்லை. டீ, சுண்டல் செலவை நாலு பேர் பகிர்ந்துகொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி வைத்து, தரையைக் கூட்டி, சாவியை நூலகர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த தடவை கேட்கும்போது உடனே சரி சொல்வார்.