"ஒரு நிமிஷம் மேடம்": எச்.ஆர். வேலையில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன வாரம் எங்கள் டிபார்ட்மெண்டில் புதிதாகச் சேர்ந்த பெண் என் எதிர் மேஜையில் உட்கார்ந்து, புது ஆட்களின் விவரங்களை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் ஏழு பேர் வந்து போனார்கள். ஒருவருக்கு ஷூ சைஸ் மாறிவிட்டது, ஒருவருக்கு ஓவர்டைமில் இரண்டு மணி நேரம் குறைகிறது, ஒருவருக்கு பஸ் ரூட் தெரியவேண்டும். ஏழு பேருக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. ஒரு காலத்தில் நானும் அச்சு அசல் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கும்மிடிப்பூண்டியில் வீடு, தடா பக்கம் வேலை. சூலூர்ப்பேட்டை லோக்கலில் எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா வந்துவிடும். ஃபேக்டரியில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு, எல்லோரும் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள். எங்களுக்குக் கும்மிடிப்பூண்டியிலும் ஒரு யூனிட் உண்டு. இரண்டுக்கும் எச்.ஆர். நாங்களேதான்.

போனை சைலண்டில் போடு, மெயிலை மணிக்கொரு தரம் பார் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை.

பாதி வரிசையில் எழுந்து போவது

இந்த ஒன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும். இன்னும் ஆறவில்லை எனக்கு.

2012. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கை இ.சி.ஆர். என்ற மாதக் கணக்குப் படிவமாக ஆன்லைனில் ஏற்றச் சொன்ன புதிது. அதுவரை ஃபாரம் 5, ஃபாரம் 10, 12ஏ என்று காகிதத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த மாதம் 19 பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். பெயர்களையும் எம்ப்ளாயி நம்பரையும் முன்கூட்டியே ஒட்டிவைத்துவிட்டு, ஒவ்வொருவரின் படிவத்தையும் பார்த்து அப்பா பெயர், பிறந்த தேதி என்று தட்டிக்கொண்டு வந்தேன். முடித்த படிவத்தை இடப்பக்கம் கவிழ்த்து வைப்பது வழக்கம். எட்டுப் பேர் முடிந்து ஒன்பதாவது படிவம் கையில் இருந்தபோது கேன்டீன் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "ஒரு நிமிஷம் மேடம், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் யாரும் சாப்பிட மாட்டேங்கறாங்க."

கையில் இருந்த படிவத்தையும் இடப்பக்கம் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன். சாம்பாரா பப்புவா (தெலுங்குக்காரர்களின் பருப்பு) என்கிற பஞ்சாயத்து அது. தமிழ் ஆட்களுக்குப் பப்பு கெட்டி, தெலுங்கு ஆட்களுக்குச் சாம்பார் தண்ணீர். தீர்த்து வைக்க நாற்பது நிமிஷம் ஆனது. (அந்தப் பஞ்சாயத்து இன்றுவரை தீரவில்லை என்பது வேறு விஷயம்.)

திரும்பி வந்து வலப்பக்க அடுக்கில் மேலே இருந்த படிவத்தை எடுத்து ஒன்பதாவது வரிசையில் தட்டினேன். அது பத்தாவது ஆளுடையது. அதிலிருந்து வரிசையாக எல்லோருக்கும் அடுத்தவருடைய அப்பாவும் அடுத்தவருடைய பிறந்த தேதியும் போய் உட்கார்ந்தன. கடைசியில் 19-ஆம் வரிசை காலியாக நின்றதே, அப்போதாவது உறைத்திருக்கவேண்டும். இல்லை. எங்கேயோ ஒரு படிவம் தவறிவிட்டது என்று தேடி, கவிழ்த்து வைத்த அடுக்கிலிருந்து அந்த ஒன்பதாவது படிவத்தைக் கண்டுபிடித்து, "நல்லவேளை கிடைச்சுது" என்று சொல்லிக்கொண்டே கடைசி வரிசையில் தட்டி முடித்தேன். மொத்தம் 11 பேர்.

சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். தமிழ்நாட்டு ஆட்கள் மட்டும் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நம் பக்கத்தில் இனிஷியல் என்றால் அப்பா பெயர். இனிஷியல் 'கே', அப்பா பெயர் 'ராமையா' என்று இருந்தால் உடனே இடிக்கும். தெலுங்குக்காரர்களுக்கு முன்னால் வரும் எழுத்து இண்டிப் பேரு, அதாவது வீட்டுப் பெயர். அதற்கும் அப்பா பெயருக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தப் பதினொரு பேரில் முக்கால்வாசி சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கத்து ஆட்கள். பொருந்தாத எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து என் கண் மரத்துப் போயிருந்தது.

ஏழு வருடம் யாருக்கும் தெரியவில்லை. 2019-இல் அவர்களில் ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் பி.எஃப். முன்பணம் கேட்டார். அன்றைய விதிப்படி 7 வருடம் உறுப்பினராக இருந்தால்தான் கல்யாணத்துக்கென்று தன் பங்கில் பாதிவரை எடுக்க முடியும். மனிதர் நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தவர். கேட்கப் போனால் ஆதார் இணையவே மாட்டேன் என்கிறது, பிறந்த தேதி பொருந்தவில்லை என்று. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். படிவத்தில் அவர் எழுதியது சரியாக இருந்தது.

ஜாயின்ட் டிக்ளரேஷன், அதாவது தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் திருத்த மனு, போட்டோம். ஒருவருக்குப் போட்டால் அடுத்தவருடையதும் தப்பு என்று தெரிகிறது, அதற்கடுத்தவருடையதும். நான்கு பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, ஆந்திரா ஆளிடம் டென்த் மெமோ, நம் ஆளிடம் மார்க் ஷீட் என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பி முடிப்பதற்குள் அந்தக் கல்யாணம் நடந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அவர் மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கித்தான் நடத்தினார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மீரு கரெக்டாதான் போட்டிருப்பீங்க மேடம், கம்ப்யூட்டர்லதான் ஏதோ ஆயிருக்கும்" என்றார். நான் இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

அதனால்தான் "எச்.ஆர். கதவு எப்போதும் திறந்திருக்கும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. திறந்திருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. மாதத்தில் நாலு நாள் காலை இரண்டரை மணி நேரம் சாத்தினால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. சம்பளம் 7-ஆம் தேதிக்குள் போயாகவேண்டும் என்பதால் 3 முதல் 6 வரை பத்து மணிக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். வெளியே ஒரு நோட்டும் சணலில் கட்டிய பேனாவும் தொங்கும். வந்த விஷயத்தை எந்த மொழியிலும் எழுதலாம். அப்படியும் எழுந்துதான் ஆகவேண்டும் என்றால், கையில் இருக்கும் வரிசையை முழுசாக முடிக்கவேண்டும், அல்லது முழுசாக அழிக்கவேண்டும். அந்த வரிசைக்கு மஞ்சள் பூசி, எம்ப்ளாயி நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டு மேல் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

விபத்து என்றால் இதெல்லாம் கிடையாது. போட்டது போட்டபடி ஓடவேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் காப்பீடு) விபத்து அறிக்கையும் தாமதிக்காமல் போகவேண்டும்.

இரண்டு மாநிலத்தை ஒரே மூச்சில் பார்ப்பது

தொழில் வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை, உள்ளாட்சிக்குக் கட்டுவது. ஆந்திராவில் மாதாமாதம், மாநில அரசுக்கு. அங்கே சம்பளம் 15,000 வரை ஒன்றுமில்லை, 20,000 வரை 150 ரூபாய், அதற்கு மேல் 200. ஆரம்பாக்கத்தில் குடியிருந்தாலும் வேலை தடாவில் என்றால் பிடிப்பது ஆந்திரா கணக்கில்தான். ஒரு யூனிட்டை முடித்த கையோடு அடுத்ததைத் திறந்தால் விரல் பழைய விதியிலேயே ஓடும். யுகாதிக்கு லீவு விட்டது எந்த யூனிட், சித்திரை ஒன்றுக்கு விட்டது எந்த யூனிட் என்பதும் அப்படித்தான் குழம்பும். நான் ஒன்றைக் காலையிலும் மற்றதைச் சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்துக்கொள்கிறேன். நடுவில் டீயாவது குடியுங்கள்.

15-ஆம் தேதியைக் கடைசி நாள் என்று நம்புவது

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுக்கும் 15 என்று காகிதத்தில் இருக்கும். போர்ட்டல் படுத்துக்கொள்வதும் அன்றைக்குத்தான். பிந்தினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதன் மேல் தண்டத்தொகையும் வரலாம். என் காலண்டரில் கடைசி நாள் 12.

லீவை வாட்ஸ்அப்பில் வாங்குவது

கூடாது. தெலுங்கு வாய்ஸ் மெசேஜில் கூடவே கூடாது.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒருவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பது

பஸ் புறப்படுகிற நேரம். அவர் காதில் ஏறாது, உங்கள் ராத்திரிச் சாப்பாடும் இறங்காது.

அந்தப் பெண்ணிடம் படிவக் கதையைச் சொன்னேன். "மேம், நான் எத்தனையாவது வரிசைல இருந்தேன்?" என்று திரையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து முதல் வரிசையிலிருந்து பார்க்க ஆரம்பித்தோம். ஆறாவது ஆளுக்கு வந்தபோது கதவைத் தட்டி யாரோ, "ஒரு நிமிஷம் மேடம்" என்றார்கள். "நோட்டுல எழுதுங்க" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.