சேவை எழும் முன்பே ஓடிவிடும் சோதனைகள்

ஒரே நிரலுக்கு ஒருமுறை தேறி மறுமுறை தவறும் தானியங்கிச் சோதனைகளில், தரவுத்தளம் எழும்வரை 5 நொடி உறங்கச் சொல்லும் வரி இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். சுமையேறிய கணினியில் அந்த 5 நொடி போதாது, வேகமான கணினியில் அது வீண். அதற்குப் பதிலாக, 100 மில்லிநொடிக்கு ஒருமுறை உண்மையான வினவல் ஒன்றை அனுப்பி, விடை வந்த பின்னரே சோதனையைத் தொடங்குங்கள். 30 நொடி கடந்தால் தரவுத்தளச் சேவையின் இயக்கப் பதிவுகளை (log) அச்சிட்டுத் தோல்வியை அறிவியுங்கள்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தின் அதிகாரபூர்வ டாக்கர் படிமத்தில் (மென்பொருளைக் கொள்கலன் என்னும் தனித்த சூழலில் இயக்குவதற்கான ஆயத்தப் பொதி) ஒரு பொறி உண்டு. தரவு அடைவு வெறுமையாக உள்ள முதல் இயக்கத்தில், தொடக்க ஸ்கிரிப்டுகளுக்காக அது தற்காலிகச் சேவையகம் ஒன்றை எழுப்பி, நிறுத்தி, பிறகே நிலையான சேவையகத்தைத் தொடங்குகிறது. தற்காலிகமானதன் விடையை நம்பிச் சோதனையைத் தொடங்கினால், அது நிற்கும்போது சோதனை தவறலாம். அது யூனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) மட்டுமே செவிமடுப்பதால், கொள்கலனுக்குள்ளிருந்து சரிபார்க்கும்போது தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, டிசிபி (TCP) என்னும் பிணைய இணைப்பு வழியாகவே கேளுங்கள்.