இலையுதிர் காலத்துல ஃபிரான்ஸ்ல ரெண்டு பேரா கேம்பர் வேன் பயணம்: முதல் தடவை போறவங்களுக்கு

செப்டம்பர் கடைசில கிளம்பி அஞ்சு வாரம், நானும் என் வீட்டுக்காரரும் மட்டும், படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளயே இருக்கிற ஒரு வாடகை கேம்பர் வேன்ல. பாரிஸ்ல இருந்து லுவார் ஆத்துப் பக்கம், அங்கேருந்து தோர்தோன், கடைசியா ஸ்பெயின் எல்லையை ஒட்டின பாஸ்க் நாடு. குளிர் பின்னாடியே வர வர நாங்க தெற்கே இறங்கிட்டே இருந்தோம். திரும்பி வந்ததுல இருந்து நிறைய பேரு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேக்கறாங்க, அதான் வரிசையா எழுதறேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். இந்த சீசன்ல ஒவ்வொரு நாளையும் ராத்திரில இருந்து பின்னோக்கி திட்டம் போடணும். எங்க நிக்கப் போறோம், அங்க தண்ணி இருக்கா, எத்தனை மணிக்கு இருட்டும், இதை முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் எந்தக் கோட்டை பாக்கலாம் எந்த சந்தைக்குப் போகலாம்னு. கோடைல இது தேவைப்படாது, ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும். செப்டம்பர் கடைசில ஏழரை வரைக்கும் தாக்குப்பிடிக்கும், ஆனா அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க பாருங்க, அன்னிலேர்ந்து பாரிஸ் பக்கம் சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் பொழுது சாஞ்சிடும்.

படி 1: வண்டி

3,500 கிலோ வரைக்கும் உள்ள வண்டிக்கு சாதாரண கார் லைசென்ஸ் போதும். இந்தியாவுல இருந்து சுற்றுலா வர்றவங்க இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டும் சேத்து எடுத்துட்டு வாங்க, வாடகைக்கு குடுக்கறவங்க எத்தனை வருஷம் ஓட்டின அனுபவம் கேக்கறாங்கன்னு புக் பண்றதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. ரெண்டு பேருக்கு ஆறு மீட்டர் நீள வேன் தாராளம். எங்களோடது ஃபியட் டுகாட்டோ, பின்னாடி நிரந்தர படுக்கை. இதுல விட்டுக்கொடுக்காதீங்க. தினமும் மேஜையை மடக்கி மெத்தையை அடுக்கி படுக்கை போடற மாடல் முதல் ரெண்டு நாள் ஜாலியா இருக்கும், வெளிய மழை பெய்யறப்போ ஒருத்தர் தூங்கணும் இன்னொருத்தர் உக்காந்து டீ குடிக்கணும்னா அப்ப தெரியும் கஷ்டம்.

வாடகை வண்டியை கைல வாங்கறப்போ அவசரப்படாதீங்க. ஹீட்டர் எப்படி போடறது, கேஸ் வால்வு எங்க, வாட்டர் பம்ப் ஸ்விட்ச் எது, டாய்லெட் பெட்டியை எப்படி உருவறது, எல்லாத்தையும் அவங்களை செஞ்சு காட்டச் சொல்லி போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஹீட்டர்ல சிவப்பு லைட்டு மின்னும்போது எங்களைக் காப்பாத்தினது அந்த வீடியோதான். விட்டு விட்டு மூணு தடவை மின்னினா பேட்டரி வோல்டேஜ் கம்மின்னு வண்டி குடுத்தவர் சொன்னது அதுல பதிவாயிருந்தது, இன்ஜினை கொஞ்ச நேரம் ஓட விட்டோம், சரியாயிடுச்சு.

அப்புறம் வண்டியோட உயரம், நீளம், எடை மூணையும் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டுங்க. எங்க வண்டி உயரம் 2.6 மீட்டர். கடற்கரை பார்க்கிங், சூப்பர் மார்க்கெட் பார்க்கிங் நிறைய இடத்துல ரெண்டு மீட்டர்ல குறுக்குக் கம்பி வெச்சிருப்பாங்க.

படி 2: ரோடு

ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், அதுக்கு மேல வேண்டாம். ஊருக்கு வெளிய சாதாரண ரோட்ல பெரும்பாலும் வேகம் 80தான், பல மாவட்டத்துல சில ரோட்ல மட்டும் 90. மோட்டார்வேல 130 வரைக்கும் போகலாம், மழைன்னா 110, ஆனா வேன்ல 100 தாண்டினா டீசல் தண்ணியா குடிக்கும், காத்து வேற பக்கவாட்டுல தள்ளும்.

டோல் உயரத்தை வெச்சு கணக்கு பண்றாங்க. ரெண்டு மீட்டர்ல இருந்து மூணு மீட்டருக்குள்ள, எடையும் 3,500 கிலோவுக்குள்ளன்னா ரெண்டாவது வகுப்பு, காரை விட அதிகம். டோல் இல்லாத நல்ல ரோடும் இருக்கு. வியர்ஸோன்ல இருந்து பிரீவ் வரைக்கும் ஏ20 முழுக்க இலவசம், நாங்க லுவார்ல இருந்து தோர்தோன் போனது அதுலதான். பிரிட்டனி பகுதில டோலே கிடையாது. கிளர்மோன் ஃபெரான்ல இருந்து தெற்கே இறங்கற ஏ75லயும் மியோ பாலத்துக்கு மட்டும்தான் காசு.

சின்ன ஊர்ல ஒரு விஷயம் பழகணும். போர்டு எதுவும் இல்லாத சந்திப்புல வலது பக்கத்துல இருந்து வர்ற வண்டிக்கு வழி விடணும், அது ஒரு சந்துல இருந்து வந்தாலும் சரி. பாரிஸ், லியோன் மாதிரி ஊருக்குள்ள வேனை கொண்டு போகவே வேண்டாம், வெளிய நிறுத்திட்டு ட்ரெயின்ல போங்க.

படி 3: ராத்திரி எங்க நிக்கிறது

இதுதான் முக்கியமான படி, மெதுவா படிங்க.

ஃபிரான்ஸ்ல ஊருக்கு ஊர் கேம்பர் வண்டிக்குன்னே இடம் ஒதுக்கியிருக்காங்க, 'ஏர்'னு சொல்வாங்க. சிலது இலவசம், சிலதுக்கு சில யூரோ. தண்ணி பிடிக்கலாம், கழிவுத் தண்ணி கொட்டலாம், சில இடத்துல கரண்ட்டும் உண்டு. பார்க்ஃபார்நைட் ஆப்ல பாத்தா எல்லாம் வரும், ஆனா பழைய கருத்தை நம்பாதீங்க, போன மாசம் யாராவது எழுதினது இருக்கான்னு பாருங்க. ஏன்னா நவம்பர் நெருங்கினா குழாய் உறைஞ்சுடும்னு நிறைய ஊர்ல தண்ணியை அடைச்சுடுவாங்க. கேம்ப்சைட்டும் அப்படித்தான், பல இடம் செப்டம்பர் முடிஞ்சதும் மூடிடும்.

எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஃபிரான்ஸ் பாசியோன். வருஷ சந்தா கட்டினா விவசாயிங்க, திராட்சைத் தோட்டக்காரங்க, சீஸ் செய்யறவங்க அவங்க நிலத்துல ஒரு ராத்திரி இலவசமா நிக்க விடுவாங்க. வண்டிக்குள்ளயே டாய்லெட் இருக்கணும், போனதும் வணக்கம் சொல்லணும், கிளம்பறப்போ சொல்லிட்டுப் போகணும், அவ்வளவுதான், எதையும் வாங்கியே ஆகணும்னு இல்ல. நாங்க லுவார் பக்கம் ஒரு தோட்டத்துல நின்னப்போ திராட்சை அறுவடையோட கடைசி நாள். கையெல்லாம் ஊதா கலர்ல ஒரு பெரியம்மா வந்து ஒரு கூடைத் திராட்சையை கதவுக்கிட்ட வெச்சுட்டு ஒண்ணும் பேசாம போனாங்க. அந்த ராத்திரி மாதிரி ஒரு ராத்திரி எந்த ஹோட்டல்லயும் கிடைச்சதில்ல.

தடை போர்டு இல்லாத பொது பார்க்கிங்ல நிறுத்தி உள்ள தூங்கறது வேற, கேம்பிங் போடறது வேற. வெளிய மேஜை நாற்காலி போட்டாலோ, பக்கவாட்டு கூரையை இழுத்து விட்டாலோ அது கேம்பிங் கணக்கு. கடற்கரையோரம், பாதுகாக்கப்பட்ட புராதன கட்டடத்துல இருந்து 500 மீட்டருக்குள்ள எல்லாம் கேம்பிங் கூடாதுன்னே சட்டம் இருக்கு.

நாலு மணிக்கு நிக்க வேண்டிய இடத்துக்குப் போயிடுங்க. நாங்க ரெண்டாவது நாளே இதை மீறினோம். இருட்டினப்புறம் போனா முன்னாடி உயரக் கம்பி, பின்னாடி குறுகலான சந்து, ரெண்டு பக்கமும் கருங்கல் சுவர். நான் டார்ச் பிடிச்சு பின்னாடி நடக்க அவர் இஞ்ச் இஞ்ச்சா ரிவர்ஸ் எடுத்தாரு, அரை மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் கூட நாலு மணி தாண்டல.

ஆத்தங்கரை பத்தி தனியா சொல்லணும். தெற்குல செவென் மலைப் பக்கம், ஆர்தேஷ், கார் (Gard), ஏரோ மாவட்டங்கள்ல செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் மத்தியதரைக்கடல் ஈரக்காத்து மலைல மோதி சில மணி நேரத்துல பல வாரத்து மழையைக் கொட்டிடும். காஞ்சு கிடக்கிற ஆறு கண்ணு முன்னாடி ஏறும். 1992 செப்டம்பர் 22ல வேசோன் லா ரொமேன் ஊர்ல ஊவேஸ் ஆறு பொங்கி கரையோர கேம்ப்சைட்டை அப்படியே அடிச்சுட்டுப் போச்சு, நிறைய பேரு செத்துப் போனாங்க. அதனால தினமும் மத்தியானம் அந்த நாட்டு வானிலைத் துறை மெத்தியோ ஃபிரான்ஸோட எச்சரிக்கை வரைபடம் பாருங்க. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு மாவட்டவாரியா போடுவாங்க. ஆரஞ்சு வந்தாச்சுன்னா மேட்டுக்கு ஏறிடுங்க, இடம் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

படி 4: தண்ணி, கழிவு

எங்க டேங்க் 100 லிட்டர், சிக்கனமா இருந்தா ரெண்டு பேருக்கு மூணு நாள். சர்வீஸ் இடத்துல 'ஓ பொத்தாப்ள்'னு இருந்தா குடிக்கிற தண்ணி, 'பொத்தாப்ள்'க்கு முன்னாடி 'நோன்' இருந்தா குடிக்கக் கூடாது. டாய்லெட் பெட்டி கழுவற குழாயும் குடிதண்ணி குழாயும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், உங்க ஹோஸை மட்டும் பயன்படுத்துங்க, பிடிக்கிறதுக்கு முன்னாடி குழாய் வாயைத் துடைச்சுடுங்க. தண்ணி குடுக்கற சில மெஷின்ல காசு போடக் கூடாது, ஒரு வில்லை (டோக்கன்) போடணும், அதை ஊர் பேக்கரிலயோ டூரிஸ்ட் ஆபீஸ்லயோதான் வாங்கணும். பன்னெண்டுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் சாப்பாட்டுக்குன்னு பூட்டிடுவாங்க, அந்த நேரத்துல போய் நிக்காதீங்க.

படி 5: கதகதப்பு

பியூட்டேன் கேஸ் பூஜ்ஜியம் டிகிரி கிட்ட வந்தா சிலிண்டர்ல இருந்து ஆவியாகாது, அடுப்பு எரியாது. ப்ரோபேன் கடுங்குளிர்லயும் வேலை செய்யும், அதனால என்ன சிலிண்டர்னு முதல்லயே கேளுங்க. டீசல் ஹீட்டர் வண்டின்னா இந்தக் கவலை பாதி குறையும்.

குளிரை விட ஈரம்தான் தொல்லை. ரெண்டு பேரு மூச்சு, சமையல் ஆவி, ஈர ஜெர்கின், எல்லாம் சேந்து காலைல கண்ணாடில தண்ணி வழியும். கூரை ஜன்னலை ராத்திரி ஒரு விரல் அளவுக்கு திறந்தே வைங்க, குளிருதேன்னு மூடாதீங்க. அடுப்பை எரியவிட்டு வண்டியை சூடு பண்றது ரொம்ப ஆபத்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்யுதான்னு முதல் நாளே பட்டனை அழுத்திப் பாருங்க.

சோலார் பேனல் இந்த சீசன்ல பாதி வேலைதான் செய்யும். ஓட்டறப்போ இன்ஜின்ல இருந்துதான் பேட்டரி ஏறும். நாலு நாளைக்கு ஒரு தடவை கரண்ட் இருக்கிற இடத்துல நின்னோம், துணியையும் அப்ப முடிச்சுடுவோம், சூப்பர் மார்க்கெட் வாசல்லயே காசு போட்டுத் துவைக்கிற மெஷின் இருக்கு.

நவம்பர் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் ஆல்ப்ஸ், பிரெனே மாதிரி மலைப்பகுதில குறிப்பிட்ட ஊர்கள்ல குளிர்கால டயரோ செயினோ கட்டாயம். அக்டோபருக்குள்ள முடிச்சா இந்த வேலை இல்ல.

படி 6: சாப்பாடு

அரிசி, துவரம்பருப்பு, மிளகாய்த்தூள், புளி எல்லாம் பாரிஸ்ல லா ஷப்பெல்ல நம்ம ஈழத்துத் தமிழர் கடைகள்லயே வாங்கிட்டு கிளம்பிட்டோம். சின்ன குக்கர் ஒண்ணு போதும், ஆனா வெளிச்சம் இருக்கும்போதே கதவைத் திறந்து வெச்சு சமைச்சுடுங்க, விசில் ஆவி மெத்தைல இறங்கினா காயவே காயாது. காய்கறிக்கு வாரச் சந்தை. தோர்தோன் பக்கம் சார்லாங்கிற ஊர்ல சனிக்கிழமை சந்தைல அந்த சீசன் வால்நட்டும் காளானும் மலையா குவிஞ்சு கிடக்கும். ஞாயிறு மத்தியானம் கடை எல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிடுங்க.

காட்டுல நீங்களே காளான் பறிச்சா சாப்பிடறதுக்கு முன்னாடி மருந்துக்கடைல காட்டுங்க, காளான் தெரிஞ்ச பார்மசிஸ்ட் பாத்து சொல்வாங்க. தெரியலன்னு சொன்னா தூக்கிப் போட்டுடுங்க.

படி 7: பகல்

இப்பதான் சுத்திப் பாக்கறது. லுவார் பக்கம் உள்ள ஷம்போர் கோட்டை 1519ல முதலாம் ஃபிரான்சுவா மன்னர் ஆரம்பிச்சது, சுத்தி 32 கிலோமீட்டர் மதில், உள்ள காடு. செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் விடியக்காலைலயும் அந்தி நேரத்துலயும் ஆண் மான்கள் கத்தற சத்தம் கேக்கும், அடிவயித்துல இருந்து வர்ற மாதிரி ஒரு முழக்கம், ரெண்டு பேரும் பனில நின்னு வாய் திறக்காம கேட்டோம். காட்டுல நடக்கறதுன்னா இது வேட்டை சீசன்ங்கிறதை மறக்காதீங்க, வண்டில கட்டாயமா இருக்க வேண்டிய மஞ்சள் ஜாக்கெட்டை போட்டுக்கோங்க.

கடைசியா பாஸ்க் நாட்டு ஊர் எஸ்பெலெட். வீட்டுச் சுவர் முழுக்க சிவப்பு மிளகாயைச் சரம் சரமா கோத்து தொங்க விட்டிருப்பாங்க, அக்டோபர் கடைசி வார இறுதில மிளகாய்த் திருவிழாவே உண்டு. காரம் நம்ம மிளகாய் அளவுக்கு இல்ல, ஆனா வாசனை தனி.

படி 8: ரெண்டு பேரு

ஆறு மீட்டர் வண்டில வேலையைப் பிரிச்சுக்காம முடியாது. ஒருத்தர் ஓட்டினா மத்தவர் வழி பாக்கணும், ரிவர்ஸ்ல கட்டாயம் ஒருத்தர் கீழ இறங்கணும். தண்ணி, கழிவு ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். மழை நாள்ல தலா ஒரு மணி நேரம் பேசாம இருக்கிறதுன்னு வெச்சுக்கிட்டோம், ஒருத்தர் முன் சீட்ல, ஒருத்தர் படுக்கைல. இது சண்டைக்காக இல்ல, தனியா இருக்க இடமில்லாதப்போ நேரத்தையாவது தனியா வெச்சுக்கணும்.

படி 9: திருப்பிக் குடுக்கிறது

கடைசி ராத்திரி வண்டி குடுக்க வேண்டிய இடத்துல இருந்து 30 கிலோமீட்டருக்குள்ள நில்லுங்க, கழிவு கொட்ட வசதி உள்ள இடமா பாத்து. டாய்லெட் பெட்டி, கழிவு டேங்க் ரெண்டும் காலியா இருக்கணும், இல்லன்னா தனியா காசு பிடிப்பாங்க. டீசலை சூப்பர் மார்க்கெட் பங்க்ல போடுங்க, மோட்டார்வே பங்க்கை விட விலை குறைவு, பம்ப்ல 'கஸோல்'னு எழுதியிருக்கிறதுதான் டீசல். அலமாரி எல்லாத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்க. எங்க மிளகாய்ச் சரம் பின் ஜன்னல் கொக்கில தொங்கிட்டு இருந்தது, சாவி குடுத்தப்புறம்தான் ஞாபகம் வந்து ஓடிப் போய் எடுத்துட்டு வந்தேன்.