விடைபெறும் மாணவரைக் கௌரவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலுள்ள கிறிஸ்தவப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பை முடித்து வெளியேறும் மாணவரை நன்றி வழிபாட்டுடனும் பிரியாவிடை விழாவுடனும் அனுப்பிவைப்பது வழக்கம். இவ்விழாக்களில் நேரும் பிழைகளில் அநேகமானவை தீய எண்ணத்தால் வருபவை அல்ல. விழா யாருக்கானது என்பதை ஏற்பாட்டாளர்கள் பாதிவழியில் மறந்துவிடுவதால் வருபவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிரியாவிடையையும் சாதனையாளர் பாராட்டையும் ஒன்றாக்கிவிடுவதே. பெறுபேறு வெளிவரும்வரை காத்திருந்து, மூன்று ஏ பெற்றவர்களையும் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தெரிவானவர்களையும் மட்டும் மேடையேற்றினால், பதின்மூன்று ஆண்டுகள் அதே வளவுக்குள் வளர்ந்த ஏனைய பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியவர்கள் ஆகிவிடுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியோடு (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் பரீட்சைப் புள்ளி) மாவட்டத்தையும் பொறுத்தது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கிறது. நம் இரு மாவட்டங்களும் இந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. இத்தகைய கணக்கில் மயிரிழையில் உள்ளே போனவரையும் வெளியே நின்றவரையும் கொண்டு பாடசாலை வாழ்வை அளப்பது நியாயமன்று. பாராட்டு விழா தாராளமாக நடக்கட்டும், ஆனால் வேறொரு நாளில் நடக்கட்டும்.

பெயர் வாசிக்கும் ஒழுங்கிலும் இதே பாகுபாடு ஒளிந்திருக்கிறது. உயிரியல், கணிதப் பிரிவுகள் முதலில், பிறகு வர்த்தகம், தொழில்நுட்பம், கடைசியில் கலை என்று அழைக்கும்போது, கலைப்பிரிவு மாணவர் மேடைக்கு வரும் நேரத்தில் முன்வரிசை அதிதிகள் எழுந்து போயிருப்பார்கள், படப்பிடிப்பாளர் கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருப்பார். பிரிவு பாராமல் அகரவரிசையில் அழைத்தால் சிக்கல் தீர்ந்தது. பெயரையும் தலைப்பெழுத்தையும் மாணவரிடமே எழுதி வாங்கி, வாசிப்பவர் ஒருமுறை உரக்க வாசித்துப் பழக வேண்டும்.

வழிபாட்டு விடயத்தில் கூடுதல் நிதானம் தேவை. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் பணியிலிருந்து வளர்ந்த மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் மிஷன் பாடசாலைகளாகப் பிறந்தவை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னர், இத்தகைய பாடசாலைகள் பலவற்றில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், சைவர், சில இடங்களில் முஸ்லிம்கள் எனப் பலரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். இதை மறந்து, நன்றித் திருப்பலியில் நற்கருணை (குருவானவர் வழங்கும் திருவுணவு) பெறும் வரிசைக்கு வகுப்பு முழுவதையும் எழுப்பி அனுப்பும் ஆசிரியர்கள் உண்டு. தோழிகளுக்குப் பின்னால் போன சைவப் பிள்ளையொன்று கையை நீட்டியபடி நிற்க, குருவானவர் கொடுப்பதா மறுப்பதா என்று ஒரு கணம் தயங்குவது இருவருக்குமே சங்கடம். நற்கருணை கத்தோலிக்கருக்கு உரியது என்பதையும், ஏனையோர் இருக்கையிலேயே இருக்கலாம் என்பதையும் திருப்பலி தொடங்குமுன் ஒரே வசனத்தில் அறிவித்துவிட வேண்டும். திருப்பலியில் கலந்துகொள்ளாமல் விடுவதையும் எவரும் குறையாகக் கருதக் கூடாது.

இதற்கு எதிர்முனைத் தவறும் இருக்கிறது. எவருடைய மனமும் நோகக் கூடாதென்று செபத்தையும் விவிலிய வாசகத்தையும் முற்றாக நீக்கி, எந்த மண்டபத்திலும் நடத்தக்கூடிய ஒரு நிகழ்ச்சியாக ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு இது முதலாவதைவிட நல்லதாகத் தெரியவில்லை. ஆலயத்தில் விரும்புவோருக்குத் திருப்பலி அல்லது ஆராதனை, மண்டபத்தில் அனைவருக்கும் பொதுவான ஒரு சிறு செபமும் ஆசியுரையும் என்று பிரித்தால் பாடசாலையின் மரபும் பிழைக்கும், பிள்ளைகளின் மனச்சான்றும் பிழைக்கும்.

நாள் குறிக்கும்போது கிறிஸ்தவரின் தவக்காலத்தையும் முஸ்லிம்களின் நோன்பு மாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுத் தாக்குதலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நகரம் மட்டக்களப்பு. ஏப்ரல் 21ஐ ஒட்டிய நாட்களில் பாண்ட் வாத்தியத்துடன் வீதிப் பவனி வைக்க வேண்டாம்.

செலவு பற்றி மாணவர் வாய் திறப்பதில்லை. பரீட்சை நவம்பரில் நடக்கும் ஆண்டுகளில், அதற்கு முன்னரே டீசேர்ட், அல்பம், விருந்து என்று பணம் சேர்க்கப்படுகிறது. அது பெரும்போக விதைப்புக்காக வீட்டுக் காசெல்லாம் வயலில் இறங்கியிருக்கும் காலம். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்க, தோணிகளும் கரையில் கிடக்கும். மற்றவர் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்கும் தாய்மாரும் இருக்கக்கூடும் என்பதை வகுப்பாசிரியர் நினைவில் கொள்ள வேண்டும். சேர்த்தே ஆகவேண்டுமென்றால், யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியலைப் பலகையில் எழுதாதிருப்பது குறைந்தபட்ச நாகரிகம். மழைக்காலத்தில் திறந்த மைதானத்தில் மேடை போடுவதும் வீண் செலவு. 2024இல் வெள்ளம் உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்தியது.

அதிதிகள் விடயம் எல்லாரும் அறிந்ததுதான். பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விடும். உரைகள் இரண்டு போதும். மூன்றாவது உரை, விடைபெறும் மாணவர் ஒருவருடையதாக இருக்கட்டும்.

பெறுபேற்றுத் தாளைப் படம்பிடித்து முகநூலில் பதிவேற்றும்போது பரீட்சைச் சுட்டெண்ணையும் அடையாள அட்டை எண்ணையும் மறைக்க வேண்டும். பிள்ளையின் சம்மதமின்றி வீதியோரப் பதாகையில் படம் போடக் கூடாது.

கடைசியாக, நேரம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்தும் வடக்கே வாகரைப் பக்கமிருந்தும் வரும் மாணவருக்குப் பின்னேர பஸ் தவறினால் வேறு வழி குறைவு. ஆகவே அழைப்பிதழில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் அச்சிட்டு, நன்றியுரையைச் சுருக்கியேனும் அந்த நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.