அப்பப்பா காலத்துக் கடைப் பெயரை மாற்றலாமா?

கடையைப் பொறுப்பேற்ற பிள்ளைகள் முதலில் கைவைப்பது பெயர்ப்பலகையில்தான். பலகைக்காரருக்கு முற்பணம் கொடுக்குமுன் இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: சனம் என்ன பெயர் சொல்கிறது?

கடையை அதிகம் அறியாத ஒருவரை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் வரச் சொல்லுங்கள். அவர் "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்" என்று பலகையில் உள்ளபடி சொல்வார். ஓட்டோக்காரர் சற்று யோசித்து, "சுருட்டுக்காரர் கடைதானே?" என்பார். அங்கே சுருட்டு விற்ற காலம் எப்போதோ போயிருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வருகிறவர்களும் அம்மம்மா சொன்ன அதே பெயரைத்தான் விசாரித்து வருவார்கள். வாய்ப்பெயர் ஒன்று இப்படி உயிரோடு இருந்தால், அதைப் பலகையில் ஏற்றுவதே மலிவான வழி.

படி 2: குறை பெயரிலா, கடையிலா?

உள்ளே இருட்டு, பொருளில் விலை இல்லை, கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்றால் பெயரை விட்டுவிடுங்கள். விற்கும் பொருள் மாறிவிட்டதா? பிரிந்த சகோதரர்கள் இருவரும் ஒரே பெயரில் நடத்துகிறார்களா? இவை தக்க காரணங்கள். எண்சாத்திரம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டுப் பெரியவர்களோடு வாதாடவும் மாட்டேன்.

படி 3: வீட்டாரின் சம்மதம்

அப்பப்பாவின் பெயர் பெரியப்பா பிள்ளைகளுக்கும் சொந்தம். கனடாவில் இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: பதிவு

தனியாளோ பங்காளிகளோ நடத்தும் கடையென்றால் வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் திருத்த வேண்டும். கம்பனியென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பங்குதாரரின் விசேட தீர்மானமும் பதிவாளரின் அனுமதியும் தேவை. புதுப் பெயரை வேறொருவர் வர்த்தகக் குறியாகப் பதிந்திருக்கிறாரா என்று தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடுங்கள். அப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம்.

படி 5: பாதி மாற்றம்

மகள் நடத்தும் கடையில் "அன் சன்ஸ்" எதற்கு? அதை மட்டும் வெட்டி, குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளலாம். 1972இல் நாடே பெயர் மாறியபோதும் தேயிலைப் பெட்டி "சிலோன்" என்பதை விடவில்லை. வாங்குகிறவர் தேடுவது அதைத்தான்.

முழுதாக மாற்றுவதே முடிவென்றால், பற்றுச்சீட்டிலும் பையிலும் பழைய பெயரைச் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். அடுத்த நல்லூர்த் திருவிழா முடியும்வரையாவது அது இருக்கட்டும்.